இரண்டாம் பக்கத்திலேயே நிற்கும் ஒரு பக்கம்: எதைத் திருத்துவது?

இருசக்கரம்

வணக்கம் நண்பர்களே. சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி ஒரு சிறிய தளம் நடத்துகிறேன். எல்லாமே நானே செய்து பார்த்து எழுதியவை, படங்களும் நான் எடுத்தவை. அதில் "சைக்கிள் செயின் பராமரிப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி" என்று ஒரு பக்கம் இருக்கிறது. மற்ற எந்தப் பக்கத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை. ஆனால் கூகுளில் தேடினால் இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் வருகிறது, பல மாதமாக அங்கேயே நிற்கிறது, கீழேயும் போவதில்லை மேலேயும் வருவதில்லை.

எஸ்இஓ ப்ளக்இன் (தேடலில் மேலே வரப் பக்கத்தைச் சோதித்துச் சொல்லும் துணை மென்பொருள்) எல்லாவற்றுக்கும் பச்சை காட்டுகிறது. முதல் பத்தியில் கீவேர்ட் (தேடுவார்கள் என்று நான் குறிவைத்த சொல்) இருக்கிறது, தலைப்பில் இருக்கிறது, மெட்டா டிஸ்கிரிப்ஷன் (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கம்), மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் குறியீட்டில் மறைவாக எழுதும் சொல் பட்டியல்) இரண்டும் நிரப்பிவிட்டேன், படங்களுக்கு ஆல்ட் (படத்துக்கான எழுத்து விளக்கம்) கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்னும் ஆயிரம் சொல் சேர்த்தால் மேலே போகுமா? தெரிந்த ஒருவர் மற்ற தளங்களுக்குப் பணம் கொடுத்து லிங்க் வாங்கச் சொல்கிறார், எனக்கு அதில் விருப்பமில்லை. பக்கத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தேடல்வாசி

லிங்க் வாங்க வேண்டாம், உங்கள் தயக்கம் சரியானது. அது கூகுளின் ஸ்பாம் கொள்கையில் நேரடியாகத் தடை செய்யப்பட்ட விஷயம். மெட்டா கீவேர்ட்ஸையும் மறந்துவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே எழுதிவிட்டது, இன்னும் பல ப்ளக்இன்கள் அந்தப் பெட்டியை வைத்திருப்பதால்தான் ஆட்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பச்சை விளக்கு என்பது அந்த ப்ளக்இன் எழுதியவர் போட்ட பட்டியலோடு உங்கள் பக்கம் ஒத்துப்போகிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். தேடுபவருக்கு என்ன வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

ஒன்று செய்யுங்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து, மேலே ஃபில்டரில் இந்த ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் வையுங்கள், அப்புறம் கீழே குவெரிஸ் (தேடப்பட்ட சொற்கள்) தாவலைப் பாருங்கள். 16 மாதத் தரவு வரை கிடைக்கும், ஆனால் இப்போதைக்குக் கடைசி 3 மாதம் போதும். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகமாகவும் கிளிக் குறைவாகவும் இருக்கும் வரிகளை இங்கே எழுதுங்கள். எந்தச் சொல்லுக்காக எழுதினீர்கள் என்பது இருக்கட்டும், எந்தச் சொல்லுக்காகக் காட்டப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

இருசக்கரம்

பார்த்தேன், ஆச்சரியமாக இருக்கிறது. "செயின் பராமரிப்பு" என்பது பட்டியலில் மிகவும் கீழே கிடக்கிறது. மேலே இருப்பவை இவை:

சைக்கிள் செயின் கழலுது
சைக்கிள் செயின் அடிக்கடி கழல்வது ஏன்
செயின் லூசா இருந்தா என்ன பண்ணணும்
சைக்கிள் செயின் மாட்டுவது எப்படி
கியர் மாற்றும்போது செயின் விழுகிறது

அப்புறம் இதே கேள்விகள் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாக ஏழெட்டு வரி இருக்கின்றன. என் பக்கத்தில் செயின் கழல்வது பற்றி இருக்கிறது, ஆனால் "பொதுவான சிக்கல்கள்" என்ற தலைப்புக்குக் கீழே, கடைசியில், இரண்டு பத்தி. அதற்கு முன்னால் செயினின் வரலாறு, வகைகள், சுத்தம் செய்வது, எண்ணெய் போடுவது எல்லாம் வருகின்றன.

தேடல்வாசி

உங்கள் பதில் அங்கேயே இருக்கிறது. நடுரோட்டில் கையில் கிரீஸோடு நிற்கிற ஒருவர் ஃபோனில் "செயின் கழலுது" என்று அடிக்கிறார். அவருக்குச் செயின் எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது என்பது வேண்டாம். கூகுள் உங்கள் பக்கத்தை இரண்டாம் பக்கத்தில் வைத்திருப்பதற்குக் காரணம், பக்கத்தில் விடை இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது, ஆனால் பக்கம் அந்த விடையைப் பற்றியது இல்லை. என் அனுபவத்தில் இப்படி இரண்டாம் பக்கத்தில் தேங்கி நிற்கும் பக்கங்கள் பெரும்பாலும் மோசமாக எழுதப்பட்டவை இல்லை. நல்ல விஷயத்தைத் தவறான இடத்தில் புதைத்து வைத்திருக்கும் பக்கங்கள்.

அதனால் புதிதாக ஆயிரம் சொல் சேர்க்காதீர்கள். இருப்பதைப் பிரியுங்கள். செயின் கழல்வதற்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். அதன் முதல் பத்தியிலேயே காரணங்களைச் சொல்லிவிடுங்கள்: கியர் இல்லாத சைக்கிளில் செயின் தளர்ந்திருந்தால் கழலும், பின் சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்க வேண்டும். கியர் சைக்கிளில் பல்சக்கரத்தைத் தாண்டி விழுந்தால் கியர் மாற்றியின் லிமிட் ஸ்க்ரூவை (அது நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் திருகு) பார்க்க வேண்டும். செயினோ பல்லோ தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். நீங்கள் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள், நான் சொல்ல வருவது வரிசையைத்தான். விடை முதலில், விளக்கம் அடுத்து, பின்னணி வேண்டுமானால் கடைசியில்.

டைட்டில் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒரு முழுமையான வழிகாட்டி" என்ற மூன்று சொல்லை யாரும் தேடுவதில்லை, ஆனால் தேடல் முடிவில் அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும், நம் எழுத்துகள் அகலமானவை என்பதால் சீக்கிரமே வெட்டுப்படும். அதனால் தேடுபவர் அடையாளம் காணும் சொற்கள் முன்னால் வரட்டும். "சைக்கிள் செயின் அடிக்கடி கழல்வது ஏன்? சரிசெய்வது எப்படி" என்ற அளவு போதும். 2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் டைட்டில் டேகை அப்படியே காட்டாமல், பக்கத்தில் தெரியும் முதன்மைத் தலைப்பு, மற்ற பக்கங்கள் லிங்க் கொடுக்கும் சொற்கள் போன்றவற்றிலிருந்தும் எடுத்துக் காட்டுகிறது. நீங்கள் எழுதிய டைட்டிலுக்கும் எச்1 எனப்படும் அந்த முதன்மைத் தலைப்புக்கும் பொருத்தமே இல்லாமல் இருந்தால் மாற்றிவிட வாய்ப்பு அதிகம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒரே விஷயத்தைச் சொன்னால் போதும்.

மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசைக்கு உதவாது, ஆனால் கிளிக்குக்கு உதவும். அதையும் கூகுள் பல நேரம் தூக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் பத்தி நன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். நல்ல வரி பக்கத்தில் இருந்தால் எதை எடுத்தாலும் நஷ்டமில்லை.

எழுத்துக்கூட்டி

இருசக்கரம் அண்ணா, உங்கள் பட்டியலில் "கழலுது", "கழல்வது" என்று இரண்டும் இருப்பதைக் கவனித்தீர்களா? நான் மொழி சார்ந்த வேலையில் இருப்பவள், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் மொழியில் ஒரு சொல் தனியாக நிற்பது குறைவு. செயின், செயினை, செயினில், செயினுக்கு, கழல்கிறது, கழன்றுவிட்டது, கழலும்போது என்று உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே வரும். ப்ளக்இன் கொடுக்கப்பட்ட கீவேர்டை அப்படியே எழுத்துக்கு எழுத்து தேடுவதால், "செயினைப் பராமரிக்கும்போது" என்று அழகாக எழுதினால் கீவேர்ட் இல்லை என்று சிவப்பு காட்டும். அதற்குப் பயந்து "சைக்கிள் செயின் பராமரிப்பு" என்பதைச் சிதைக்காமல் பத்து இடத்தில் செருகி வைக்கிறோம், வாசிக்கவே முடியாத வாக்கியங்கள் வருகின்றன. அப்படிச் செய்யாதீர்கள். 2019இல் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்ததிலிருந்தே கூகுள் சொற்களை வாக்கியச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ள முயல்கிறது. இயல்பாக எழுதினால் இந்த வடிவங்கள் எல்லாம் தானாகவே பக்கத்துக்குள் வந்துவிடும், ஏனென்றால் நாம் பேசுவதே அப்படித்தான்.

பேச்சு வடிவத்துக்கு ஒரு இடம் கொடுங்கள். பக்கம் முழுவதும் பேச்சுத் தமிழில் எழுதத் தேவையில்லை, ஆனால் ஒரு துணைத் தலைப்பு "செயின் லூசாக இருந்தால் என்ன செய்வது?" என்று இருக்கலாம். "தளர்வு" என்று மட்டும் எழுதினால் தேடுபவரின் சொல் பக்கத்தில் எங்கேயுமே இருக்காது. "லூஸ்" என்பதும் இப்போது தமிழ்ச் சொல்தான், மெக்கானிக் அதைத்தான் சொல்கிறார்.

ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழைப் பக்கத்தில் கலக்க வேண்டாம். அந்தத் தேடல்களுக்கும் உங்கள் பக்கம் இப்போதே காட்டப்படுகிறது என்றால் கூகுள் அதைப் பொருத்திப் பார்த்துக்கொள்கிறது என்றுதானே பொருள்.

இன்னொன்று, முகவரி. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால், ஒரு "க" என்பதே 9 எழுத்தாகும். "கி" இரண்டு குறியீடு என்பதால் 18. ஐந்து சொல் முகவரி செய்தியில் பகிரும்போது ஒரு பத்தி நீளத்துக்கு வரும், பாதியில் உடையவும் செய்யும். கூகுளுக்குத் தமிழ் முகவரி புரியும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள்.

பழைய_பதிவர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பத்து வருடமாக எழுதுகிறேன், என் தளத்தில் நீளமான பக்கங்கள்தான் மேலே நிற்கின்றன. முதல் பக்கத்தில் வரும் மற்ற தளங்களைப் பாருங்கள், எல்லாமே மூவாயிரம் நாலாயிரம் சொல். பக்கத்தைப் பிரித்தால் இருக்கும் பலமும் சிதறிவிடும். ஒரே பெரிய பக்கமாக வைத்து, மேலே உள்ளடக்கப் பட்டியல் போட்டு, எச்1, எச்2, எச்3 வரிசை தவறாமல் வைத்தால் போதும் என்பது என் கருத்து.

தேடல்வாசி

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் நீளம் காரணமா விளைவா என்று யோசித்துப் பாருங்கள். நிறைய விஷயம் தெரிந்தவர் எழுதும் பக்கம் நீளமாகத்தான் வரும், அதற்கு லிங்க்கும் கிடைக்கும், மேலேயும் நிற்கும். அதைப் பார்த்து இன்னொருவர் வெறும் நீளத்தை மட்டும் நகலெடுத்தால் ஒன்றும் நடக்காது. குறைந்தபட்சச் சொல் எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. தலைப்பு நிலைகளின் வரிசை தவறினாலும் கூகுள் தேடலுக்குப் பாதிப்பில்லை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு அந்த வரிசை மிகவும் முக்கியம், அதற்காகவே ஒழுங்காக வையுங்கள்.

எப்போது பிரிப்பது, எப்போது சேர்ப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான். அந்தக் கேள்வியைத் தேடி முதல் பக்கத்தில் வருபவற்றைத் திறந்து படியுங்கள். எல்லாமே கழலும் சிக்கலுக்கு மட்டுமான பக்கங்களாக இருந்தால், பொதுவான வழிகாட்டி அங்கே நுழைவது கடினம். பொதுவான வழிகாட்டிகளே வருகின்றன என்றால் பழைய_பதிவர் சொல்வது சரி, பிரிக்க வேண்டாம். இதை ஊகிக்கவே தேவையில்லை, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பழைய_பதிவர்

அது நியாயம். பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இருசக்கரம்

பார்த்துவிட்டேன். "கழலுது" தேடலில் வருபவை எல்லாம் அந்த ஒரு சிக்கலுக்கான சின்னச் சின்னப் பக்கங்கள், பாதி வீடியோ. அதனால் பிரிக்கிறேன். ஆனால் இதைப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. நான் நான்கு வருடத்துக்கு முன் "செயின் கழன்றால் மாட்டுவது எப்படி" என்று ஒரு குட்டிப் பதிவு போட்டிருந்தேன், மறந்தே போயிற்று. சர்ச் கன்சோலில் இதே தேடல்களுக்கு ஒரு வாரம் அந்தப் பதிவும் ஒரு வாரம் இந்த வழிகாட்டியும் மாறி மாறி வருகின்றன. இது பிரச்சினையா?

தேடல்வாசி

இங்கே ஆம். ஒரே தேடலுக்கு இரண்டு பக்கம் வருவது எல்லா நேரமும் தவறில்லை, ஆனால் இரண்டும் அரைகுறையாக விடை சொல்லி, இரண்டும் மேலே வரவில்லை என்றால் சேர்த்துவிடுவது நல்லது. உங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. புதுப் பக்கம் தொடங்காதீர்கள், அந்தப் பழைய பதிவின் முகவரியையே வைத்துக்கொண்டு அதை முழுப் பக்கமாக வளர்த்துங்கள். வழிகாட்டியின் கடைசியில் இருக்கும் இரண்டு பத்தியை எடுத்துவிட்டு, ஒரு வரிச் சுருக்கமும் லிங்க்கும் மட்டும் வையுங்கள்.

பின்னால் வேறு எங்காவது இரண்டு பக்கத்தை ஒன்றாக்கினால் நீக்கும் முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் (வருபவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்புவது) கொடுங்கள், குறைந்தது ஒரு வருடமாவது அது இருக்கட்டும். சிலர் இதற்குக் கேனானிக்கல் டேகைப் போடுகிறார்கள். அது 2009இல் வந்தது ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருக்கும்போது எது முதன்மை என்று சொல்வதற்கு, அதுவும் குறிப்பு மட்டும்தான், கட்டளை கிடையாது. வேறுவேறு உள்ளடக்கம் கொண்ட பக்கங்களுக்கு அதைப் போட்டால் கூகுள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

லிங்க் கொடுக்கும்போது "இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதாதீர்கள். "செயின் கழல்வதற்கான காரணங்கள்" என்று அந்தப் பக்கம் எதைப் பற்றியதோ அதையே லிங்க்காக்குங்கள். லிங்க்கில் இருக்கும் சொற்கள் பல நேரம் பக்கத்தைவிடத் துல்லியமாக அந்தப் பக்கத்தை விவரிக்கின்றன என்பதை கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998 கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து லிங்க் வருவது நம் கையில் இல்லை, ஆனால் நம் தளத்துக்குள் இருக்கும் லிங்க் முழுவதும் நம் கையில்தான். இதைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டயர் பக்கம், பிரேக் பக்கம், பின் சக்கரம் கழற்றும் பக்கம் எங்கெல்லாம் செயின் பேச்சு வருகிறதோ அங்கிருந்தெல்லாம் இந்தப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போகட்டும்.

பிக்சல்

எழுத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே இருக்கும் பெரிய படம் கேமராவிலிருந்து வந்த அளவிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது, ஃபோனில் அது வருவதற்குள் ஆள் திரும்பிப் போய்விடுவார். அதற்கு மேல் லேசி லோடிங் (தேவைப்படும்போதுதான் படத்தை இறக்குவது) வேறு போட்டிருக்கிறீர்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது, முதல் திரையில் தெரியும் படத்துக்குப் போட்டால் உலாவி அதைத் தாமதமாகத்தான் கேட்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள், அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில் ஏற்றுங்கள்.

படங்களுக்கு அகலமும் உயரமும் பக்கத்தின் குறியீடான எச்டிஎம்எல்லில் கொடுக்கவில்லை. அதனால் படம் வந்ததும் எழுத்து கீழே குதிக்கிறது. நான் படித்துக்கொண்டிருந்த வரி இரண்டு முறை காணாமல் போயிற்று.

கூகுள் பார்க்கும் அளவுகள் மூன்று: முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும், தளவமைப்பு நகர்வு, அதாவது அப்படி எழுத்து குதிப்பது, 0.1க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவின் பெயர் ஐஎன்பி, 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. நான்கில் மூன்று பங்கு வருகைகள் இந்த எல்லைக்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. ஆய்வுக் கருவி உங்கள் கணினியில் காட்டும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண் வேறு, உண்மையான பயனர்களிடமிருந்து வரும் இந்தத் தரவு வேறு. இது 28 நாள் தொகுப்பாக வருவதால் இன்று சரிசெய்துவிட்டு நாளையே பார்த்து மனம் தளராதீர்கள்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், வேகம் மட்டும் உங்களை மேலே கொண்டுபோகாது. விடை சரியாக இருக்கும் மெதுவான பக்கம், விடை இல்லாத வேகமான பக்கத்தை முந்தும். நான் இதைச் சரிசெய்யச் சொல்வது ஃபோனோடு ரோட்டில் நிற்கும் அந்த ஆளுக்காக.

இன்னொரு முக்கியமான விஷயம்: "மேலும் படிக்க" பொத்தானை அழுத்தினால்தான் பாதிக் கட்டுரை சர்வரிலிருந்து வருகிறது. பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது. எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருந்து மறைத்து வைத்தால் பரவாயில்லை, படித்துக்கொள்ளும். அழுத்திய பிறகுதான் வரும் என்றால் அந்தப் பாதி அதற்கு இல்லவே இல்லை. சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் கூகுள் பார்த்த எச்டிஎம்எல்லைத் திறந்து, உங்கள் கடைசிப் பத்தியிலிருந்து ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

இருசக்கரம்

தேடினேன், இல்லை. கழல்வது பற்றிய இரண்டு பத்தியும் அந்தப் பொத்தானுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. தீம் மாற்றியபோது வந்தது, நான் கவனிக்கவே இல்லை. அப்படியானால் அந்தத் தேடல்களுக்கு எப்படிக் காட்டப்பட்டது?

பிக்சல்

அறிமுகப் பத்தியில் "செயின் கழல்வது, சத்தம் வருவது போன்ற சிக்கல்களுக்கும் தீர்வு காண்போம்" என்று ஒரு வரி இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக இரண்டாம் பக்கத்தில் நின்றிருக்கிறது.

புதுவரவு

இடையில் ஒரு சந்தேகம். கேள்வி பதில் ஸ்கீமா (கேள்வி எது, பதில் எது என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடல் முடிவில் கீழே கேள்விகள் விரியுமே, அதையும் செய்யலாமா? அப்புறம் பழைய பதிவின் தேதியை இன்றைக்கு மாற்றினால் உதவுமா?

தேடல்வாசி

அந்த விரியும் கேள்விகளை 2023 ஆகஸ்டிலேயே அரசு, சுகாதாரம் சார்ந்த பெயர்பெற்ற தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். நமக்கு அதில் பலனில்லை. தேதியை, உள்ளடக்கம் உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். எதையும் தொடாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது வாசகரை ஏமாற்றுவது, எனக்கு அது பிடிக்காது.

இருசக்கரம்

ஆறு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பழைய பதிவைப் புதிதாக எழுதினேன். முதல் பத்தியில் காரணங்கள், அடுத்து கியர் இல்லாத சைக்கிள், அப்புறம் கியர் சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் நானே எடுத்த படம். செயின் எவ்வளவு தளர்வாக இருக்கலாம் என்பதற்கு விரலால் மேலும் கீழும் அசைத்து ஸ்கேல் வைத்து எடுத்த படமும் போட்டேன், வேறு எந்தப் பக்கத்திலும் அது இல்லை. பொத்தானை எடுத்துவிட்டேன், படங்களைக் குறைத்துவிட்டேன், ஒன்பது பக்கங்களிலிருந்து லிங்க் கொடுத்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் அசையவில்லை, உண்மையில் கொஞ்சம் கீழே போயிற்று, பயந்துவிட்டேன். மூன்றாம் வாரத்தில் "அடிக்கடி கழல்வது ஏன்" என்ற தேடலுக்கு முதல் பக்கத்துக்கு வந்தது. "கழலுது" என்பதற்கும் இப்போது முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வருகிறது. "செயின் மாட்டுவது எப்படி" மட்டும் இன்னும் அசையவில்லை, அங்கே முழுவதும் வீடியோதான். பழைய வழிகாட்டி அப்படியே இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஒருவர் கருத்துப் பெட்டியில், ரோட்டோரம் நின்று படித்துச் சரிசெய்தேன் என்று எழுதியிருந்தார். அதை நாலைந்து முறை படித்தேன்.

எழுத்துக்கூட்டி

மிகவும் மகிழ்ச்சி அண்ணா! அந்த ஸ்கேல் படத்துக்கு ஆல்ட் என்ன கொடுத்தீர்கள்?

இருசக்கரம்

"சைக்கிள் செயின்" என்று.

எழுத்துக்கூட்டி

படத்தைப் பார்க்க முடியாத ஒருவருக்கு ஃபோனில் விளக்கிச் சொல்வதாக நினைத்து எழுதுங்கள். "பின்சக்கரத்துக்கும் பெடலுக்கும் நடுவில் செயினை விரலால் மேலே தூக்கி, எவ்வளவு அசைகிறது என்று ஸ்கேலால் அளக்கும் படம்" என்றால் அவருக்கும் புரியும், படத் தேடலுக்கும் புரியும்.

இருசக்கரம்

மாற்றிவிட்டேன். அடுத்து பிரேக் பக்கத்தை எடுக்கிறேன். குவெரிஸ் தாவலைத் திறந்ததுமே முதல் வரி "பிரேக் பிடிச்சா சத்தம் வருது". என் பக்கத்தில் சத்தம் என்ற சொல்லே இல்லை.